பூட்டன் பிறந்த ஊரும் பிரசாவுரிமையும்
குரோசியச் சட்டத்தின் வரலாற்றுப் பின்னணி

ஓர் அரசு யாரைத் தன் பிரசையென ஏற்கிறது என்னும் வினா வெறுஞ் சட்டவினாவெனத் தோன்றினும், அடிப்படையில் அது வரலாற்று வினாவேயாகும். பிறந்த மண்ணை அளவுகோலாகக் கொள்ளும் நாடுகளும் உள. பெற்றோர்வழி வரும் மரபை அளவுகோலாகக் கொள்ளும் நாடுகளும் உள. பெரும்பாலான அரசுகள் இவ்விரண்டினையும் ஏதோவொரு விகிதத்திற் கலந்தே தம் சட்டங்களை ஆக்கியுள்ளன. அவ்விகிதம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதற்குக் காரணம், அந்நாடுகள் கடந்துவந்த பாதை வேறுபட்டமையே. எந்த நாட்டிலிருந்து மக்கள் பெருந்தொகையாகக் கடல்கடந்து சென்றனரோ, அந்த நாடு தன் மண்ணை விட்டுப்போனவரின் வழித்தோன்றல்களை மறந்துவிட விரும்புவதில்லை. எந்த நாட்டிற்கு மக்கள் வந்து குடியேறினரோ, அந்த நாடு மண்ணையே முதன்மையாகக் கொள்ளும். ஐரோப்பாவின் தென்கிழக்கே அதிரியாற்றிக் கடலின் கரையில் அமைந்துள்ள குரோசியா முதல் வகையைச் சார்ந்தது. சிலியிலோ நியூசீலாந்திலோ பிறந்து, குரோசிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத ஒருவர், தம் பூட்டன் அந்நாட்டின் தீவொன்றிற் பிறந்து கப்பலேறியவர் என்பதை நிறுவுவாராயின், அந்நாட்டுப் பிரசாவுரிமையைக் கோரி விண்ணப்பிக்கலாம். இவ்வேற்பாடு எவ்வாறு தோன்றிற்று, எதனை அது வேண்டிநிற்கிறது, யாரை அணைத்து யாரை விலக்குகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியிற் புகுவார் முதலில் எதிர்கொள்ளும் முரண் ஒன்றுண்டு. கப்பலேறிய அந்தப் பூட்டன் குரோசிய நாட்டின் பிரசையாக ஒருநாளும் இருந்தவரல்லர். அவர் புறப்பட்ட காலத்தில் அப்பெயருடைய தனியரசு உலகப்படத்தில் இருக்கவில்லை. இல்லாதிருந்த ஓர் அரசின் பிரசாவுரிமையை, அதனைப் பெற்றிராத ஒருவரின் வழியாக, அவர் இறந்து பல்லாண்டுகள் கழிந்தபின் அவர்தம் வழித்தோன்றல் எங்ஙனம் பெறுதல் கூடும்? இவ்வினாவிற்கு விடைகாண வேண்டின் அந்நிலப்பரப்பின் அரசியல் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும்.

நிலம் ஒன்று, கொடி பல

இடைக்காலத்திற் குரோசியர் தமக்கென ஓர் இராச்சியம் உடையராயிருந்தனர். 1102 ஆம் ஆண்டில் அவ்விராச்சியம் அங்கேரி நாட்டு முடியோடு இணைந்தது. துருக்கியரின் படையெடுப்பால் அங்கேரி நிலைகுலைந்தபின், 1527 ஆம் ஆண்டிற் குரோசியப் பிரபுக்கள் அப்சுபேக் வமிசத்தவரைத் தம் மன்னராகத் தெரிந்தெடுத்தனர். கடற்கரைப் பகுதியாகிய தல்மாசியாவின் பெரும்பகுதி 1797 ஆம் ஆண்டில் வெனிசுக் குடியரசு வீழும்வரை அக்குடியரசின் ஆட்சியிலிருந்தது. துபுரோவ்னிக் நகரமோ நெப்போலியன் காலத்தில், 1808 ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும்வரை தனிக் குடியரசாகவே விளங்கிற்று. 1815 இல் வியன்னா மாநாட்டின் பின்னர் இப்பகுதிகள் யாவும் அப்சுபேக் மன்னரின் கீழ் வந்தனவெனினும் ஒரே ஆட்சியின்கீழ் வரவில்லை. 1867 ஆம் ஆண்டில் அப்சுபேக் பேரரசு ஒஸ்திரியா–அங்கேரி என்னும் இரட்டை முடியரசாகப் பிரிக்கப்பட்டபோது, தல்மாசியாவும் இஸ்திரியாவும் ஒஸ்திரியப் பகுதியினுள் அடங்கின. குரோசியா–சிலவோனியா அங்கேரிப் பகுதியினுள் அடங்கிற்று. ஒரே மொழி பேசிய மக்கள் ஒரே பேரரசினுள்ளேயே இரு வேறு பிரசாவுரிமைச் சட்டங்களுக்கு உட்பட்டனர்.

இந்நிலையின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இஸ்திரியாவின் நடுவிலுள்ள பாசின் நகரில் 1890 ஆம் ஆண்டிற் பிறந்த ஒருவர் ஒஸ்திரியப் பிரசையாகப் பிறந்தார். முதலாம் உலகப் போரின்பின் 1920 ஆம் ஆண்டு இராப்பல்லோ ஒப்பந்தத்தால் அந்நகரம் இத்தாலிக்கு உரியதாயிற்று. இரண்டாம் உலகப் போரின்பின் 1947 ஆம் ஆண்டு பாரிஸ் சமாதான ஒப்பந்தத்தால் யூகோசிலாவியாவிற்கு உரியதாயிற்று. அவர்தம் பேரர் அதே வீட்டில் வாழ்ந்திருப்பின் 1991 இல் அவர் குரோசிய நாட்டினர் ஆனார். வீட்டின் வாயிற்படியைக் கடவாமலே ஒரு குடும்பம் நான்கு அரசுகளின் கீழ் வாழ்ந்தமை இப்பகுதியில் அருமையான நிகழ்ச்சியன்று. ஆதலின் இங்கு அரசைக்கொண்டு மனிதரை அடையாளங் காணுதல் இயலாது. ஊரைக்கொண்டும் மரபைக்கொண்டுமே அடையாளங் காணுதல் இயலும். குரோசியச் சட்டம் பூட்டனின் பிரசாவுரிமையை வினவாது, அவர் புறப்பட்ட இடத்தை வினவுவதன் காரணம் இதுவே.

ஊரைவிட்டகன்ற காரணங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தல்மாசியத் தீவுகளின் வாழ்வு முந்திரிகைக் கொடியையே பெரிதும் பற்றிநின்றது. பிரான்சு நாட்டின் முந்திரிகைத் தோட்டங்களை 1860 களிலிருந்து பிலொக்செரா என்னும் வேர்ப்பேன் அழிக்கத் தொடங்கியபோது, தல்மாசிய மதுவிற்கு ஐரோப்பியச் சந்தையில் என்றுமில்லாத விலை கிடைத்தது. கற்பாறை நிலங்களையும் உழவர்கள் கையாற் கல்லகற்றிக் கொடி நட்டனர்; கடன்பட்டும் தோட்டம் பெருக்கினர். இவ்வளம் நீடிக்கவில்லை. 1891 ஆம் ஆண்டில் ஒஸ்திரியா–அங்கேரி இத்தாலியுடன் செய்த வணிக ஒப்பந்தம், இத்தாலிய மது குறைந்த சுங்கத்துடன் பேரரசினுள் வர இடமளித்தது. தல்மாசிய மதுவின் விலை வீழ்ந்தது. அந்நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் அதே வேர்ப்பேன் தல்மாசியாவையும் வந்தடைந்தது. பிறநாட்டின் கேட்டினாற் பெற்ற செல்வத்தை அக்கேடே வந்து அழித்தது என்க. இவற்றோடு, நீராவிக் கப்பல்களின் பெருக்கத்தாற் பாய்க்கப்பற் றொழிலும் நலிந்தது. உள்நாட்டிலோ, பல குடும்பங்கள் ஒன்றாய் வாழ்ந்து ஒன்றாய் உழுத கூட்டுக்குடும்ப முறை சிதைந்து, நிலம் சிறு துண்டுகளாகப் பிளவுண்டது. பாய்க்கப்பலை வீழ்த்திய நீராவிக் கப்பலே உழவரைக் கடல்கடந்து ஏற்றிச்செல்லும் வாகனமுமாயிற்று.

சென்றோர் பல திசைகளிற் பிரிந்தனர். பிராச்சு என்னுந் தீவினர் பலர் சிலி நாட்டை நாடினர். அந்நாட்டின் தென்கோடியிலுள்ள புந்தா அரேனாசில் 1880 களிற் பொன்தேடுவோராக முதலிற் சென்றனர். வடக்கே அந்தோபகஸ்தா, இக்கிக்கே ஆகிய வெடியுப்புத் துறைகளில் வணிகராகவுந் தொழிலாளராகவும் அமைந்தனர். வேறு பலர் நியூசீலாந்தின் வடபகுதியிற் சதுப்புநிலங்களைத் தோண்டிக் கவுரி மரத்தின் பழம்பிசினை எடுத்தனர். மெருகெண்ணெய் செய்தற்கு வேண்டிய அப்பிசினுக்கு அக்காலத்தில் நல்ல விலை இருந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவின் கல்கூர்லிப் பொற்சுரங்கங்களுக்குச் சென்றாரும் உளர். ஐக்கிய அமெரிக்காவிற்குச் சென்றோரே மிகப் பலர். பிற்ஸ்பேக் நகரை அடுத்த உருக்காலைகளில் அவர்கள் பெருந்தொகையினராகச் சேர்ந்தனர். 1894 ஆம் ஆண்டில் அங்கு தோன்றிய ஒருவர்க்கொருவர் உதவும் சங்கம், பின்னர் குரோசியச் சகோதர ஐக்கியம் என்னும் பெயரால் வளர்ந்தது. 1924 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா, 1890 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை அடிப்படையாகக் கொண்டு நாட்டுக்கு நாடு வரையறை விதித்த சட்டத்தால் அவ்வழியைப் பெரிதும் அடைத்தபின், தென்னமெரிக்காவே புகலிடமாயிற்று.

சென்ற இடத்தில் அவர்களுக்கு வழங்கிய பெயர் ஈண்டுக் கருதத்தக்கது. தல்மாசியாவிலிருந்து சென்றோர் ஒஸ்திரிய மன்னரின் குடிகளாதலின், பிறநாட்டுப் பதிவேடுகள் அவர்களை ‘ஒஸ்திரியர்’ என்றே குறித்தன. நியூசீலாந்தில் 1898 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கவுரிப்பிசின் கைத்தொழிற் சட்டம், பிசினெடுக்கும் ஒதுக்குநிலங்களைப் பிரித்தானியக் குடிகளுக்கே உரியனவாக்கி இவர்களை விலக்க முயன்றது. 1914 ஆம் ஆண்டிற் போர் மூண்டபோது அவர்கள் பகைநாட்டினர் எனக் கொள்ளப்பட்டனர். மேற்கு அவுஸ்திரேலியாவில் அவர்களுட் சிலர் ரொட்னெஸ்ற் தீவிற் சிறைவைக்கப்பட்டனர். நியூசீலாந்தில் அரசாங்க வேலைகளில் ஈடுபடுத்தப்பட்டனர். எந்த ஆட்சியின் வறுமைக்கும் படைச்சேவைக்கும் அஞ்சி வந்தனரோ, அந்த ஆட்சியின் பெயராலேயே அவர்கள் ஒறுக்கப்பட்டனர். ஆயினும் நிலைபெற்றனர். ஒக்லாந்து நகரின் மேற்கே எண்டர்சன் பகுதியில் அவர்தம் சந்ததியார் முந்திரிகைத் தோட்டங்களை அமைத்து அந்நாட்டு மதுத்தொழிலுக்கு அடிகோலினர். தாய்நிலத்தில் அழிந்த கொடி உலகின் மறுகோடியில் மீண்டும் தளிர்த்தது.

சட்டங்களின் வரலாறு

பழைய ஒஸ்திரியப் பகுதியில் ஒவ்வொரு பிரசையும் ஏதேனும் ஓர் ஊராட்சியில் ‘ஊருரிமை’ உடையவராயிருந்தார். வறுமையுற்ற காலத்தில் அவரைத் தாங்கவேண்டிய பொறுப்பு அவ்வூருடையது. அங்கேரிப் பகுதியில் 1879 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையிலிருந்தது. அதன்படி, அரசின் அனுமதியோ பணியோ இன்றிப் பத்தாண்டுகள் தொடர்ந்து வெளிநாட்டில் வாழ்ந்தவர் பிரசாவுரிமையை இழப்பார். சாகிரெப்பை அடுத்த சிற்றூரிலிருந்து பிற்ஸ்பேக் சென்று உருக்காலையில் உழைத்த எத்தனையோ பேர் தாம் அறியாமலே தம் பழைய பிரசாவுரிமையை இழந்தமை இச்சட்டத்தாலேயாம்.

1918 டிசெம்பர் 1 ஆந் திகதி சேர்பியர், குரோசியர், சிலோவேனியர் ஆகியோரின் இராச்சியம் தோன்றிற்று. 1929 இல் அது யூகோசிலாவியா எனப் பெயர்மாற்றம் பெற்றது. பேரரசின் பிரசைகளைப் புதிய அரசுகளுக்குப் பகிர்ந்தளித்த 1919, 1920 ஆம் ஆண்டுகளின் சமாதான ஒப்பந்தங்கள் பழைய ஊருரிமையையே அளவுகோலாகக் கொண்டன. 1928 ஆம் ஆண்டில் அவ்விராச்சியம் தன் முதற் பிரசாவுரிமைச் சட்டத்தை இயற்றிற்று. 1945 இன் பின்னர் அமைந்த கூட்டாட்சி யூகோசிலாவியாவில் ஒவ்வொரு பிரசையும் இரட்டைப் பதிவு உடையராயினர்: கூட்டாட்சியின் பிரசை என்பது ஒன்று, அதன் குடியரசுகளுள் ஏதேனும் ஒன்றின் பிரசை என்பது மற்றொன்று. அன்றாட வாழ்விற் பெரிதும் பொருட்படுத்தப்படாத இவ்விரண்டாவது பதிவே, கூட்டாட்சி சிதைந்தபோது ஒருவரின் ஊழைத் தீர்மானிப்பதாயிற்று.

1991 யூன் 25 ஆந் திகதி குரோசியா தன் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தது. அதற்கு மறுநாளே பிரசாவுரிமைச் சட்டம் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. அது ஒற்றோபர் 8 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. சுதந்திரத்தை அறிவித்த அரசு முதல் வேலையாகச் செய்தது, ‘எம்மவர் யாவர்’ என வரையறுத்ததேயாம். முந்திய ஆட்சியிற் குரோசியக் குடியரசின் பிரசையெனப் பதிவுபெற்றிருந்தோர் யாவரும் புதிய நாட்டின் பிரசைகளாயினர்.

வெளிநாட்டிலுள்ளோர்க்கு அச்சட்டம் மூன்று வழிகளைத் திறந்தது. அவற்றை வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. முதலாவது, பெற்றோர்வழிப் பிரசாவுரிமை. பிறப்பின்போது தாய் அல்லது தந்தை குரோசியப் பிரசையாயிருப்பின், வெளிநாட்டிற் பிறந்த பிள்ளை குறித்த வயதெல்லைக்குட் பதிவு செய்யப்படுவதன் மூலம் அவ்வுரிமையைப் பெறும். மேற்கு சேர்மனி 1968 இல் யூகோசிலாவியாவுடன் செய்த தொழிலாளர் ஒப்பந்தத்தின் பின்னர்ச் சென்றோரின் பிள்ளைகள் பலர் இவ்வழியினராவர். இரண்டாவது, சட்டத்தின் 11 ஆம் பிரிவு கூறும் குடியகன்றோரும் அவர் சந்ததியாரும் பெறும் உரிமை. இது புதிதாக வழங்கப்படும் உரிமையெனினும், பிற அந்நியர்க்கு விதிக்கப்படும் நிபந்தனைகளாகிய நாட்டில் நெடுங்காலம் வதிதல், முன்னைய பிரசாவுரிமையைத் துறத்தல் என்பவை இவர்க்கு இல்லை. மூன்றாவது, 16 ஆம் பிரிவின்படி, குரோசிய இனத்தவர் எனத் தம்மை நிறுவுவோர் பெறும் உரிமை. முற்காலப் பத்திரங்களில் அவ்வினத்தவர் எனப் பதிவு செய்திருத்தல், வெளிநாட்டுக் குரோசியச் சங்கங்களிற் பங்குகொண்டிருத்தல் முதலியன இதற்குச் சான்றாகும்.

இவற்றுள் 11 ஆம் பிரிவே பூட்டன்வழி உரிமைக்கு மூலமாகும். இப்பிரிவு இருமுறை குறிப்பிடத்தக்க மாற்றம் பெற்றது. 2011 இல் இயற்றப்பட்டு 2012 சனவரி 1 ஆந் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தம், நேர்மரபில் மூன்றாந் தலைமுறையோடு இவ்வுரிமையை வரையறுத்தது. அஃதாவது பூட்டனுக்கு மேற்பட்டோரைக் காட்டி விண்ணப்பித்தல் இயலாதாயிற்று. 2019 இல் இயற்றப்பட்டு 2020 சனவரி 1 ஆந் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தமோ அவ்வெல்லையை நீக்கிற்று. குடியகன்றோரின் சந்ததியார்க்கு மொழித்தேர்வு வேண்டியதில்லை என்பதும் அதனால் உறுதியாயிற்று. குடியகன்றோர் என்பார் 1991 ஒற்றோபர் 8 ஆந் திகதிக்கு முன்னர், நிலையாக வெளிநாட்டில் வாழும் எண்ணத்தோடு, குரோசியாவின் நிலப்பரப்பிலிருந்து சென்றோராவர். இன்றைய நிலப்பரப்பே இங்குக் கணக்கிற் கொள்ளப்படுகிறது. அன்றைய கொடி எது என்பது வினவப்படுவதில்லை. முன்னர்க் கூறிய முரணுக்குச் சட்டங் கண்ட தீர்வு இதுவாகும்.

சான்றுச் சங்கிலி

உரிமை உண்டு என்பது ஒன்று. அதனை நிறுவுதல் மற்றொன்று. அந்தோபகஸ்தாவில் வாழும் ஒரு பெண்மணியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் தம் பிறப்புப் பத்திரத்தால் தம் தந்தையையும், தந்தையின் பிறப்புப் பத்திரத்தாற் பாட்டனையும், பாட்டனின் பத்திரத்தாற் பூட்டனையும் காட்டவேண்டும். இடையிடையே விவாகப் பத்திரங்கள் வேண்டும். இறுதியாக, பூட்டன் பிராச்சுத் தீவிற் பிறந்தமைக்கும் அங்கிருந்து குடியகன்றமைக்குஞ் சான்று வேண்டும். கப்பற் பயணிகள் பட்டியல், பழைய கடவுச்சீட்டு, குடியேறிய நாட்டின் பதிவு முதலியன இதற்கு உதவும். இவற்றோடு குற்றச்செயல் எதுவும் இல்லையென்னும் அத்தாட்சியும், விண்ணப்பகாரர் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கியெழுதிய பத்திரமும் சேர்க்கப்படும். வெளிநாட்டுப் பத்திரங்களுக்கு உரிய அரசின் அத்தாட்சி முத்திரை வேண்டும். 1961 ஆம் ஆண்டு கேக் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளாயின் அவ்வுடன்படிக்கை வகுத்த முத்திரை போதும். பின்னர் யாவும் சத்தியஞ்செய்த மொழிபெயர்ப்பாளராற் குரோசிய மொழியில் ஆக்கப்படல் வேண்டும். விண்ணப்பத்தைத் தூதரகத்திலோ கொன்சல் அலுவலகத்திலோ, குரோசியாவிலாயின் பொலிஸ் நிலையத்திலோ விண்ணப்பகாரர் நேரிற் கையளிப்பார். உள்நாட்டு அமைச்சு தீர்ப்பளிக்கும். அது சாதகமாயின் அவர் பெயர் பிரசைகள் பதிவேட்டில் ஏறும். ‘தொமோவ்னிசா’ எனப்படும் பிரசாவுரிமைப் பத்திரம் அவர்க்கு வழங்கப்படும்.

இச்சங்கிலியின் கடைக்கண்ணி பெரும்பாலும் ஒரு கோயிற் பதிவேடாகவே இருக்கும். கத்தோலிக்க திருச்சபையின் திரெந்துச் சங்கம் 1563 ஆம் ஆண்டில் ஞானஸ்நானம், விவாகம் என்பவற்றைப் பதிவுசெய்யுமாறு பங்குக்குருமாரைப் பணித்தது. தல்மாசியாவின் பதிவேடுகள் இலத்தீனிலும் இத்தாலியிலும் எழுதப்பட்டன. சில பகுதிகளிற் கிளகோலித் என்னும் பழைய சிலாவிய எழுத்திலும் எழுதப்பட்டன. அப்சுபேக் ஆட்சியில் இரண்டாம் யோசேப்பு 1784 ஆம் ஆண்டில் இப்பதிவேடுகளுக்கு அரசாங்கப் பத்திரத்தின் மதிப்பை அளித்தார். 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பதிவுத்தொழில் அரசின் கைக்கு மாறிற்று. பழைய ஏடுகள் பல பதிவு அலுவலகங்களையும், சாதர், ஸ்பிலிற் முதலிய நகரங்களின் சுவடிக்கூடங்களையும் அடைந்தன. ஆன்ம ஈடேற்றங் கருதிக் குருமார் எழுதிவைத்த ஏடுகள் இன்று பிரசாவுரிமைக்குச் சான்றாய் நிற்கின்றன.

சங்கிலி அறுவதற்கு மிகுதியும் ஏதுவாவது பெயராகும். பதிவேட்டில் இத்தாலிய முறையில் எழுதப்பட்ட பெயர், சிலியின் குடிவரவு அலுவலகத்தில் இசுப்பானிய முறையிலும், பிற்ஸ்பேக்கில் ஆங்கில முறையிலும் எழுதப்பட்டது. குரோசிய எழுத்துக்களின் மேலுள்ள குறிகள் மறைந்தன. ‘ஈவான்’ என்பவர் ‘யுவான்’ ஆனார், ‘யோன்’ ஆனார். இஸ்திரியாவில் இதனினும் கொடிது நிகழ்ந்தது. இத்தாலியின் பாசிச ஆட்சி 1927 ஆம் ஆண்டில் அங்குப் புகுத்திய ஆணையினாற் சிலாவியக் குடும்பப்பெயர்கள் இத்தாலிய வடிவிற்கு மாற்றப்பட்டன. தந்தைக்கு ஒரு குடும்பப்பெயரும் மகனுக்கு வேறொன்றுமாக ஏடுகள் காட்டுகையில், இருவரும் ஒரே மரபினர் என நிறுவும் பாரம் விண்ணப்பகாரர் தலைமேல் வீழ்கிறது. அரசுகள் செய்த பிழைக்குக் குடிகள் சான்று தேடுகின்றனர்.

அணைப்பும் விலக்கும்

இச்சட்டத்தைப் புலம்பெயர்ந்தோர்பாற் கொண்ட அன்பின் விளைவென்று மட்டுங் கொள்ளுதல் நிறைவான விளக்கமாகாது. 1990 களின் தொடக்கத்திற் சுதந்திரப் போராட்டத்திற்கு வெளிநாட்டுக் குரோசியர் பொருளுதவியும் பிற ஆதரவும் நல்கினர். கனடாவிலிருந்து மீண்ட கொய்கோ சூசாக் 1991 முதல் 1998 வரை பாதுகாப்பு அமைச்சராயிருந்தார். 1995 ஆம் ஆண்டுத் தேர்தலிற் பிரதிநிதிகள் சபையின் 127 ஆசனங்களில் 12 வெளிநாட்டுப் பிரசைகளுக்கென ஒதுக்கப்பட்டன. அவற்றிற்கு வாக்களித்தோருட் பெரும்பாலார் கடல்கடந்து சென்றோரின் சந்ததியாரல்லர். அண்டைநாடாகிய பொசுனியாவில் வாழ்ந்த குரோசியராவர். நாட்டில் வாழாதார் நாட்டின் ஆட்சியைத் தீர்மானிப்பது முறையோ என்னும் விவாதம் எழுந்தது. முடிவில் 2010 ஆம் ஆண்டு யாப்புத் திருத்தம் இவ்வாசனங்களை மூன்றாகக் குறைத்தது.

இதனினும் ஆழமான வினா வேறொன்றுண்டு. பல்லாண்டுகளாகக் குரோசியாவிலேயே வாழ்ந்து உழைத்தும், பழைய கூட்டாட்சிப் பதிவில் வேறொரு குடியரசின் பிரசையெனக் குறிக்கப்பட்டிருந்தோர் 1991 இல் ஒரேநாளில் அந்நியராயினர். அவர்களுட் குரோசிய இனத்தவராயிருந்தோர் எழுத்திற் கொடுத்த ஒரு பிரகடனத்தாற் பிரசைகளாகலாம். சேர்பியர், முசிலிம்கள் முதலிய ஏனையோர் அந்நியர்க்குரிய நிபந்தனைகளை நிறைவேற்றி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 1995 ஓகத்து மாதப் படைநடவடிக்கையின்போது ஒன்றரை இலட்சத்திற்கும் இரண்டு இலட்சத்திற்கும் இடைப்பட்ட சேர்பியர் நாட்டைவிட்டு ஓடினர். அவர்களுட் பலர்க்கு மீள்வதும் ஆவணம் பெறுவதும் நெடுங்காலம் அரிதாயிருந்தன. குடியகன்றோர் என்னும் வரைவிலக்கணமும் எல்லாரையும் உள்ளடக்கவில்லை. யூகோசிலாவியாவின் ஒரு குடியரசிலிருந்து மற்றொன்றிற்கு இடம்பெயர்ந்தோர் அவ்வகையினராகக் கருதப்படுவதில்லை. 1947 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் இத்தாலியப் பிரசாவுரிமையைத் தெரிந்து இஸ்திரியாவை விட்டகன்றோர் போலச் சர்வதேச ஒப்பந்தத்தின்படி சென்றோரும் அதனுள் அடங்கார். ஆகவே, பாசினிலிருந்து 1910 இல் ஆசெந்தீனாவிற்குச் சென்றவரின் கொள்ளுப்பேரர்க்குத் திறந்திருக்குங் கதவு, அதே தெருவிலிருந்து 1948 இல் இத்தாலிக்குச் சென்றவரின் பேரர்க்குத் திறப்பதில்லை. மரபை அளவுகோலாகக் கொள்ளுஞ் சட்டமும் மரபை மட்டுமே அளப்பதில்லை. எப்பொழுது, எவ்வாறு, எங்கே சென்றனர் என்பவற்றையும் அளக்கின்றது. அவ்வளவையினுள் அரசியல் மறைந்துநிற்கிறது.

மீட்சியா, கடவுச்சீட்டா?

2019 ஆம் ஆண்டுத் திருத்தம் எழுந்த காலத்தையும் நோக்குக. 1991 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி குரோசியாவின் மக்கட்டொகை 4,784,265 ஆக இருந்தது. 2011 இல் 4,284,889 ஆயிற்று. 2021 இல் 3,871,833 ஆகக் குறைந்தது. போரும், பிறப்புவீதத்தின் வீழ்ச்சியும், புதிய குடியகல்வும் இதற்குக் காரணங்களாம். 2013 யூலை 1 ஆந் திகதி நாடு ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தபின், இளைஞர் பலர் சேர்மனிக்கும் அயர்லாந்திற்கும் தொழில் தேடிச் சென்றனர். பூட்டன்மார் சென்ற வழியிற் பேரர்மார் இன்றுஞ் செல்கின்றனர். சென்ற பூட்டன்மாரின் சந்ததியாரை நாடு மீண்டும் அழைக்கிறது. ஒரு வாயிலால் வெளியேறுவோரை மறுவாயிலால் வருவோர் ஈடுசெய்வர் என்னும் நம்பிக்கை இச்சட்டத்தின் பின்னே உண்டு.

வருவோரின் நோக்கமும் ஒருதன்மைத்தன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்நாட்டிலும் வாழவும் தொழில் புரியவும் உரிமை தருங் கடவுச்சீட்டே சிலர் வேண்டுவது. தம் குடும்பத்தின் தோற்றுவாயை அறியவேண்டும் என்னும் வேட்கையே வேறு சிலரை உந்துவது. இவ்விரண்டும் ஒருவரிடத்தே கலந்திருத்தலும் இயல்பே. ஆயின் சட்டம் நோக்கத்தை அளப்பதில்லை, பத்திரத்தையே அளக்கிறது. மொழியைப் பேணி, சங்கம் நடத்தி, தலைமுறை தலைமுறையாகப் பண்பாட்டைக் காத்த குடும்பமாயினும், பூட்டனின் ஞானஸ்நானப் பதிவு தீயிலோ போரிலோ அழிந்திருப்பின் 11 ஆம் பிரிவின் வாயிலில் இடர்ப்படும். தம் குடும்பப்பெயரின் பொருளையும் அறியாதவர், கப்பற் சீட்டொன்று பெட்டியடியிற் கிடைத்தமையால் எளிதிற் புகுவர். இஃது இச்சட்டத்திற்கு மட்டுமுரிய குறையன்று. மனித உறவைப் பத்திரத்தால் அளக்க முயலும் எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவான குறையாகும்.

எனினும் இம்முயற்சி முற்றும் பயனற்றதென்று கூறுதற்கில்லை. 2022 ஆம் ஆண்டிற் சிலி நாட்டின் சனாதிபதியாகப் பதவியேற்ற கபிரியேல் போரிச்சின் மூதாதையர், சாதருக்கு எதிரேயுள்ள உக்லியான் தீவிலிருந்து புந்தா அரேனாசிற்குச் சென்றவர்கள். உழவர் குடும்பமொன்றின் வழித்தோன்றல் உலகின் தென்கோடியில் ஒரு நாட்டின் தலைமையை எய்திய செய்தி அச்சிறு தீவிலும் பெருமையோடு பேசப்பட்டது. எந்தச் சட்டமும் விதியாத உறவு அது.

ஈண்டு ஆராய்ந்தவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. அரசுகள் தோன்றி மறையும் நிலப்பரப்பிற் பிரசாவுரிமை ஊரையும் மரபையும் பற்றியே நிற்கும் என்பது ஒன்று. வறுமையால் விரட்டப்பட்டோரை ஒருகாலத்திற் பதிவேட்டினின்றே நீக்கிய ஆட்சிகளுக்குப் பின், அவர்தம் சந்ததியாரைத் தேடி அழைக்கும் ஆட்சியும் வரக்கூடும் என்பது இரண்டாவது. தொலைவிலுள்ள மரபினரை அணைக்கும் சட்டம் அருகிலுள்ள அயலவரையும் அதே நீதியோடு நடத்துகிறதா என வினவாமல் அதன் சிறப்பை மதிப்பிடலாகாது என்பது மூன்றாவது. பிரசாவுரிமைச் சட்டங்களைக் கற்கும் மாணவர், அவற்றின் பிரிவுகளை மனனஞ் செய்வதோடு அமையாது, அவற்றின் பின்னே கொடி பட்டுப்போன தோட்டங்களையும், கப்பற்றுறையில் விடைபெற்ற குடும்பங்களையும், பதிவேட்டிற் பெயரின்றி நின்ற அயலவரையும் காணப் பழகுவாராயின், வரலாற்றுக் கல்வியின் பயனை எய்தினவராவர்.